அக்காவுக்குப் போன பொடி

1

முந்திய வருடம் நவம்பரில் அக்கா அனுப்பிய இட்லிப்பொடி கருகியிருந்தது.

பொட்டலத்தைப் பிரித்ததுமே எனக்குத் தெரிந்துவிட்டது. தெரியாதவள் போல டப்பாவில் கொட்டி மூடி வைத்தேன். மறுநாள் காலை என் கணவர் தாசன் தோசையில் தொட்டு ஒரு வாய் வைத்தார். மென்றார். தட்டைப் பார்த்தார்.

“ஜெசி, அக்கா இந்தத் தடவ வேற ஆள வச்சி வறுத்தாவளா?”

என் அக்கா கிரேஸ் பாளையங்கோட்டையில் முப்பத்து நாலு வருடம் கணக்கு டீச்சராக இருந்தவள். அவள் பொடி வறுக்கும் வேலையை இன்னொருத்தரிடம் கொடுப்பது, பரீட்சைத் தாளைப் பிள்ளைகளிடமே கொடுத்துத் திருத்தச் சொல்வது மாதிரி. நடக்காது. எள் பொரியும்போது அடுப்பைப் பார்க்கவே மாட்டாள். முற்றத்தில் துணி மடித்துக்கொண்டிருப்பாள். சட்டென்று மூக்கைத் தூக்கி, “ஆச்சு, எறக்கு” என்பாள். அந்த மூக்கு ஒரு நாளும் தப்பியதில்லை.

அன்றைக்கே போன் செய்தேன். பொடி வந்ததா என்று அவளே கேட்டாள். வந்தது என்றேன்.

“நல்லா இருக்கா?”

“நல்லா இருக்குக்கா.”

இருபத்தி இரண்டு வருடமாக நான் ஜெர்மனியில், ஸ்டுட்கார்ட்டில் இருக்கிறேன். தொலைவில் இருப்பவர்கள் சொல்லும் பொய்களில் இதுதான் ஆகச் சிறியது என்று அன்றைக்கு நினைத்தேன்.

2

வருடத்துக்கு இரண்டு பொட்டலம் வரும். ஒன்று ஈஸ்டருக்கு முன்னால், இன்னொன்று கிறிஸ்துமஸுக்கு முன்னால். பொடி, கூடவே ஒரு பை மிளகாய் வத்தல். சில பொட்டலங்களைச் சுங்க அலுவலகத்தில் நிறுத்திவிடுவார்கள். கடிதம் வரும். நேரில் போய், அதிகாரியின் கண் முன்னால் கத்திரிக்கோலால் வெட்டித் திறந்து காட்ட வேண்டும்.

முதன்முதலில் போனபோது எனக்கு ஜெர்மன் மொழி சரியாக வராது. இது என்ன என்று அதிகாரி கேட்டார். வீட்டிலிருந்தே ஒத்திகை பார்த்து வைத்திருந்ததைச் சொன்னேன்: “ஷார்ஃபஸ் புல்வர்.” காரப்பொடி என்று அர்த்தம். அதாவது, அப்படித்தான் நான் நினைத்தேன். அந்த மொழியில் காரத்துக்கும், சுடுவதற்குத் தயாராக இருக்கும் தோட்டாவுக்கும் ஒரே சொல். பொடிக்கும் வெடிமருந்துக்கும் ஒரே சொல். அதிகாரி கையைப் பொட்டலத்திலிருந்து மெல்ல எடுத்துக்கொண்டார். பக்கத்து அறையிலிருந்து இன்னொருவர் வந்தார். நான் பயத்தில் ஒரு சிட்டிகை எடுத்து வாயில் போட்டு மென்று காட்டினேன். புதிதாக வந்தவர் மோந்து பார்த்துப் பதினொரு தடவை தும்மினார். அப்புறம் முத்திரை குத்தி அனுப்பிவிட்டார்கள்.

இதை அக்காவிடம் சொன்னபோது அவள் சிரித்த சிரிப்பு இன்னும் காதில் இருக்கிறது. ஸ்டாஃப் ரூமில் எல்லோரிடமும் சொன்னாளாம். அத்தான் அப்போது உயிரோடு இருந்தார். அவர் போனை வாங்கி, “ஜெர்மனியவே தும்ம வச்சிட்டியளே ரெண்டு பேரும்” என்றார்.

அத்தான் போய் ஆறு வருடம் ஆகிறது. பிள்ளைகள் இல்லை. அக்கா பாளையங்கோட்டை முருகன்குறிச்சி வீட்டில் தனியாக இருக்கிறாள்.

3

கருகிய பொடி வந்து மூன்று வாரம் இருக்கும். சங்கரன் அண்ணாச்சி போன் செய்தார். அக்கா வீட்டுக்கு அடுத்த வீடு. தாலுகா ஆபீசில் கிளார்க்காக இருந்து ஓய்வு பெற்றவர். அத்தானுக்குச் சிநேகிதர். எனக்கு அவர் போன் செய்வது அதுவே முதல் தடவை.

“யம்மா, பயப்படாத. அக்கா நல்லா இருக்காவ” என்றுதான் ஆரம்பித்தார். அப்படி ஆரம்பித்தால் யாருக்குத்தான் பயம் வராது.

அன்று காலையில் தினசரியைத் திருப்பிக் கொடுக்கப் போயிருக்கிறார். கேட்டைத் திறக்கும்போதே கேஸ் வாடை. உள்ளே ஓடினால், அடுக்களை வாசலுக்கு நாலு அடி தள்ளி நாற்காலி போட்டு உட்கார்ந்து அக்கா குறுக்கெழுத்துப் போட்டுக்கொண்டிருக்கிறாள். அடுப்பு அணைந்து கேஸ் மட்டும் போய்க்கொண்டே இருந்திருக்கிறது. பால் பொங்கி அணைத்திருக்க வேண்டும். அண்ணாச்சி சிலிண்டரை மூடி, ஜன்னல் எல்லாம் திறந்துவிட்டு, அக்காவை வெளியே கூட்டி வந்து உட்கார வைத்திருக்கிறார்.

“லைட்டு சுவிட்சப் போட்டிருந்தா என்னம்மா ஆயிருக்கும்? நான் கேக்கேன், ஒங்களுக்கு வாடை தெரியலையா டீச்சர்னு. ஜலதோசம் அண்ணாச்சின்னு சொல்லுதாவ. எனக்கு அது ஜலதோசமாத் தெரியல. ஒனக்குச் சொல்லக் கூடாதுன்னு வேற சொல்லியிருக்காவ. நான் சொல்லிட்டேன்.”

உடனே அக்காவைக் கூப்பிட்டேன்.

“அக்கா, ஒனக்கு வாடை தெரியுதா இல்லையா?”

“அண்ணாச்சி சொல்லிட்டாராக்கும்.”

“நான் கேட்டதுக்குப் பதில் சொல்லு.”

“ஏட்டி, நீ அங்கன இருந்துகிட்டு எனக்கு வைத்தியம் பாக்காத. ஜலதோசம்னு சொல்லுதேன்லா.”

அதோடு வைத்துவிட்டாள். அப்புறம் எத்தனையோ தடவை பேசினோம். சர்ச், மழை, வெண்டைக்காய் விலை, எல்லாம் பேசினாள். மூக்கைப் பற்றி எடுத்தால் மட்டும் குக்கர் விசில் அடிக்கும், இல்லாவிட்டால் கேட்டில் யாரோ வந்திருப்பார்கள்.

நான் இங்கே ஒரு முதியோர் இல்லத்தில் வேலை பார்க்கிறேன். பதினாறு பேருக்குக் காலையில் உடம்பு துடைத்து, உடுப்பு மாற்றி, சாப்பாடு கொடுப்பது என் பொறுப்பு. யாருக்குக் காது மந்தம், யாருக்குக் கால் வீக்கம் என்று அவர்கள் பிள்ளைகளுக்கு முன்னால் எனக்குத் தெரியும். அவர்களில் ஒருத்தர் காபியை மிச்சம் வைத்தால் நோட்டில் எழுதுகிறேன். என் அக்கா கருகிய பொடியை அனுப்புகிறாள், நான் நல்லா இருக்குக்கா என்கிறேன். அந்த வாரம் முழுக்க இல்லத்தில் யார் முகத்தையும் நிமிர்ந்து பார்க்க எனக்குக் கூச்சமாக இருந்தது.

4

ஜனவரியில் தோட்டச் சங்கத்திலிருந்து ஒரு கடிதம் வந்தது.

இதைக் கொஞ்சம் விளக்க வேண்டும். இங்கே அடுக்குமாடியில் இருப்பவர்கள் ஊருக்கு வெளியே ஒரு துண்டு நிலத்தைக் குத்தகைக்கு எடுத்துத் தோட்டம் போடலாம். ஆனால் சட்டதிட்டம் பைபிள் கனத்துக்கு இருக்கும். வேலி எவ்வளவு உயரம், மத்தியானம் எத்தனை மணிக்குச் சத்தம் போடக் கூடாது, எல்லாம் எழுதியிருக்கும். ஒருவர் அளவு நாடாவோடு வந்து அளப்பார். எங்கள் துண்டில் ரோஜாவும் புல்லும்தான் இருந்தன. உங்கள் தோட்டத்தில் உண்ணத்தக்கவை போதிய அளவு இல்லை, ஆவன செய்யவும் என்று கடிதம் சொன்னது.

தாசன் உருளைக்கிழங்கு போடலாம் என்றார். நான் அலமாரியிலிருந்து அக்கா அனுப்பிய வத்தல் பையை எடுத்தேன். இனி அக்கா அடுப்பு முன்னால் நின்று பொடி வறுக்கக் கூடாது. அவளை நிறுத்தச் சொன்னால் நிறுத்த மாட்டாள். நானே செய்து அவளுக்கு அனுப்பினால் ஒருவேளை நிறுத்துவாள். கணக்கு டீச்சருக்குத் தங்கை போட்ட கணக்கு அவ்வளவுதான்.

பிப்ரவரியில் விதைகளை ஈரத் துணியில் பொதிந்து ஹீட்டர் மேல் வைத்தேன். ஒன்பது முளைத்தன. மே மாதம் நடுவில் வரும் சில புனிதர்களின் திருநாள்கள் கழியும் வரை இங்கே யாரும் செடியை வெளியே நட மாட்டார்கள். அதுவரை பனி விழும் என்று கணக்கு. நாங்கள் பாளையங்கோட்டைப் புராட்டஸ்டன்ட் ஆட்கள், புனிதர்களுக்காகக் காத்திருந்து பழக்கமில்லை. முதல் வாரமே நட்டேன். ஐந்து செடிகள் செத்தன. மிச்சம் நாலு.

அந்த நாலும் நன்றாகவே வந்தன. ஆகஸ்டில் காய்த்துச் சிவந்தபோது ஒன்றைக் கிள்ளி நாக்கில் வைத்தேன். காரமே இல்லை. மழையும் மேகமுமாகப் போன கோடை, வெயில் போதவில்லை போலிருக்கிறது. வாசனை மட்டும் அசல் நம் ஊர் வத்தல். காரத்துக்கு என்ன செய்வது என்று செடிக்கடையில் கேட்டேன். சின்ன லாந்தர் விளக்கு மாதிரி ஆரஞ்சு நிறத்தில் காய் தொங்கும் ஒரு தொட்டியைக் கடைக்காரப் பெண் எடுத்துக் கொடுத்தாள். கையுறை போட்டுப் பறியுங்கள் என்றாள். இவளுக்கு மிளகாயைப் பற்றி என்ன தெரியும் என்று நினைத்துக்கொண்டேன். வெறுங்கையால் பறித்து, மறந்துபோய்க் கண்ணைத் தேய்த்து, ஒரு மணி நேரம் குழாயடியில் நின்றேன்.

காய வைக்க வெயில் ஏது? ஓவனைக் குறைந்த சூட்டில் வைத்து, கதவு இடுக்கில் ஒரு மரக்கரண்டியைச் செருகி, நாள் முழுக்க உலர்த்தினேன். சாயங்காலம் எங்கள் கதவில் ஒரு சீட்டு ஒட்டியிருந்தது. மாடிப்படியில் எல்லோரும் இருமுகிறார்கள், உங்கள் ரசாயன வேலைகளைத் தயவுசெய்து வேறு இடத்தில் வைத்துக்கொள்ளவும் என்று அழகான கையெழுத்தில்.

வறுக்கும் அன்று அக்காவை வீடியோவில் கூப்பிட்டேன். போனை மசாலா டப்பா மேல் சாய்த்து, சட்டியை அவளுக்குக் காட்டினேன்.

“அக்கா, உளுந்த எப்ப எறக்கணும்?”

சின்ன வயதிலிருந்து இந்தக் கேள்விக்கு அவளிடம் ஒரே பதில்தான். வாசம் வரும்போது எறக்கு. அன்றைக்கு வேறு பதில் வந்தது.

“நெறத்தப் பாரு” என்றாள். “பொன் நெறம் வந்ததும் எறக்கிரு.”

சரிக்கா என்றேன்.

இரண்டு பொடி செய்தேன். எங்கள் வத்தலில் செய்தது ஒன்று. மணமாக, பதமாக வந்தது. தாசன் நாலு இட்லி கூடச் சாப்பிட்டார். இன்னொன்று ஆரஞ்சு மிளகாயில். அதை நுனி விரலில் தொட்டு வைத்தவர் எழுந்து போய்த் தயிர்க் கிண்ணத்தோடு சோபாவில் உட்கார்ந்துவிட்டார்.

“இது பொடி இல்ல ஜெசி. கேஸ் போடலாம் ஒம்மேல.”

5

எங்களுக்கு ஒரே மகள், ரேச்சல். இருபத்தி நாலு வயது. பெர்லினில் வேலை. நான் தமிழில் செய்தி அனுப்பினால் ஜெர்மனில் பதில் வரும். அதுவும் இரண்டு நாள் கழித்து. சர்ச்சுக்குப் போவதில்லை. கிறிஸ்துமஸுக்கு வந்தால் மூன்றாம் நாள் கிளம்பிவிடுவாள். கோபமெல்லாம் இல்லை. படகைக் கட்டின கயிறு கொஞ்சம் கொஞ்சமாக நெகிழ்கிற மாதிரி, என்றைக்கு என்று சொல்ல முடியாமல் தள்ளிப் போய்விட்டாள். கடைசியாக அவள் பாளையங்கோட்டைக்குப் போனபோது பதிமூன்று வயது.

டிசம்பரில் அவளுடைய தோழி ஒருத்திக்குத் திருவனந்தபுரத்தில் கல்யாணம். போவதற்கு முந்தின வாரம் வீட்டுக்கு வந்தாள். அங்கிருந்து பெரியம்மா வீடு நாலு மணி நேரம்தான், ஒரு நாள் போய்விட்டு வா என்று கெஞ்சினேன்.

“அம்மா, நான் அவங்ககிட்ட என்ன பேச? என் தமிழ் ரொம்பச் சின்னது.”

“பேச வேண்டாம். பொடியக் குடுத்துட்டு வா. வீட்டுல கேஸ் எப்படி இருக்குன்னு பாத்துட்டு வா.”

அக்காவின் மூக்கைப் பற்றி எனக்குத் தெரிந்ததையெல்லாம் சொன்னேன். கேட்டுக்கொண்டாள். நல்ல பொடியைப் புட்டியில் அடைத்து, பெரியம்மாவுக்கு என்று எழுதி ஒட்டிக் கொடுத்தேன். தாசனை அழ வைத்த பொடி அலமாரிக் கோடியில் இருந்தது. அதை அவளாகவே எடுத்துக்கொண்டாள். கல்யாணத்துக்கு வரும் ஜெர்மன் நண்பர்களுக்குப் பந்தயம் வைப்பாளாம்.

6

ஒரு நாள் என்று போனவள் அங்கே ஒன்பது நாள் இருந்தாள்.

அங்கே நடந்ததில் பாதி ரேச்சல் சொல்லி எனக்குத் தெரியும், பாதி அக்கா சொல்லி. போய்ச் சேர்ந்த அன்று சாயங்காலம் அக்கா காபி போட்டிருக்கிறாள். பால் அடிபிடித்துவிட்டது. காபியில் அந்த நாற்றம். ரேச்சல் டம்ளரைக் கையில் வைத்துக்கொண்டு, வாசனை என்ற சொல் ஞாபகம் வராமல் யோசித்திருக்கிறாள். நானும் தாசனும் அண்ணாச்சியும் ஒரு வருடமாகச் சுற்றிச் சுற்றி வந்த இடத்துக்கு அவள் நேராகப் போய்விட்டாள்.

“பெரியம்மா, உங்களுக்கு மூக்கு இல்லையா?”

அக்கா திரும்பிப் பார்த்திருக்கிறாள். அப்புறம் சிரிப்பு வந்துவிட்டதாம். அடக்க முடியாமல் அடுக்களைத் திண்டைப் பிடித்துக்கொண்டு சிரித்தாளாம்.

“இருக்குட்டி. இந்தா முகத்துல தான இருக்கு. வேலதான் செய்யல.”

“எப்போலேர்ந்து?”

“ரெண்டு வருசம்.”

“ஏன் அம்மாகிட்ட சொல்லல?”

இதற்குத்தான் அக்கா உட்கார்ந்துவிட்டாள். என்னிடம் பேசும்போது அவளுக்கு ஆயிரம் சொல் இருக்கிறது, ஒளிந்துகொள்ள. இந்தப் பிள்ளைக்குப் புரிய வேண்டும் என்றால் சின்னச் சின்னச் சொல்லாகச் சொல்ல வேண்டும். சின்னச் சொல்லுக்குப் பின்னால் ஒளிய இடமில்லை.

“காய்ச்சல் வந்தது. மூக்கு போச்சு. டாக்டர் வரும்னாரு. வரல. ஒரு நாள் பீரோவத் தெறந்தேன். ஒங்க பெரியப்பா சட்ட அங்க இருக்கு. துவைக்கல. அப்படியே வச்சிருக்கேன். தெனமும் மோந்து பாப்பேன். தேங்காயெண்ணெ வாடையும் அவரு வேர்வையும் இருக்கும். அன்னைக்கு மோந்தேன். ஒண்ணும் இல்ல. வெறும் துணி.”

அப்புறம் சொன்னாளாம்: “ஒங்க அம்மாகிட்ட சொன்னா அழுவா. அவ அழுதா நானும் அழுவேன். அதான்.”

ரேச்சல் எழுந்து போய் பீரோவிலிருந்து அந்தச் சட்டையை எடுத்து வந்திருக்கிறாள். கழுத்துப் பட்டையில் முகத்தை வைத்து மோந்து பார்த்திருக்கிறாள்.

“இருக்கு பெரியம்மா” என்றாளாம். “எண்ணெ இருக்கு. அவர் இருக்கார்.”

இதை என்னிடம் சொல்லும்போது ரேச்சல் முழுக்கத் தமிழிலேயே சொன்னாள்.

மறுநாள் அவளும் அண்ணாச்சியும் ஜங்ஷன் பக்கம் போய் ஒரு கரண்ட் அடுப்பு வாங்கி வந்திருக்கிறார்கள். அக்கா குதித்தாள். கரண்ட் அடுப்பில் வைத்தது சோறே இல்லை என்றாள். சிலிண்டரைக் கொல்லைப்பக்கம் தூக்கிக்கொண்டு போன அண்ணாச்சி, “டீச்சர், நீங்க கத்துங்க. நான் பாட்டுக்கு என் வேலயப் பாக்கேன்” என்றாராம்.

7

மூன்றாம் நாள் எனக்கு வீடியோ அழைப்பு வந்தது. இங்கே காலை ஏழரை, நான் வேலைக்குக் கிளம்பிக் கோட்டுப் பித்தானைப் போட்டுக்கொண்டிருந்தேன். அங்கே அவர்களுக்கு மத்தியானம் பன்னிரண்டு. காலைப் பலகாரம் அப்போதுதான். ரேச்சல் ஊற்றிய இட்லி, அதில் ஒன்று நடுவில் குழிந்திருந்தது. அக்கா என் பொடியை நல்லெண்ணெயில் குழைத்துத் தொட்டு வாயில் வைத்தாள்.

“நல்லா இருக்குட்டி” என்றாள்.

அந்தக் குரல் எனக்குத் தெரியும். ஒரு வருடத்துக்கு முன்னால் நான் அவளிடம் சொன்ன அதே குரல். நாலு செடி, ஒரு கோடை, மாடிப்படிச் சீட்டு, எல்லாம் அவளுக்கு மரத்தூள். நான் கோட்டைப் போட்டு முடித்தேன்.

ரேச்சலும் பெரியம்மா முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். திரையிலிருந்து மறைந்தாள். பை ஜிப்பைத் திறக்கும் சத்தம். ஆரஞ்சு நிறப் புட்டியோடு வந்தாள்.

“பெரியம்மா, இது கொஞ்சம்.”

“ரேச்சல், அது வேண்டாம்!” என்று நான் கத்தினேன். “அக்காவுக்கு அறுபத்தஞ்சு வயசு!”

எனக்குத் தெரிந்திருக்க வேண்டும். எங்கள் இல்லத்தில் ஒரு பெரியவர் இருக்கிறார். அவருக்கும் மூக்கு வேலை செய்யாது. எதைக் கொடுத்தாலும் அதன் மேல் கடுகு விழுதை அப்பிக்கொண்டு சாப்பிடுவார். வயிறு கெட்டுவிடும் என்று நான்தான் தினமும் அவரைத் திட்டுவேன். வாசனை போனாலும் எரிச்சல் போவதில்லை. காரம் மூக்கு முகரும் சங்கதி இல்லை, நாக்கில் விழும் அடி. அந்த மனிதர் ஏதாவது ஒன்று தன் மேல் படட்டும் என்றுதான் அப்படிச் சாப்பிட்டிருக்கிறார். இது எனக்கு உறைத்தது அந்த நிமிடத்தில்தான். அதற்குள் அக்கா ஒரு விள்ளலைத் தொட்டு வாயில் போட்டுவிட்டாள்.

மென்றாள். வாய் நின்றது. கண் விரிந்தது. கையை வாய்க்கு முன்னால் விசிறினாள். ரேச்சல் தண்ணீர் டம்ளரை நீட்டினாள். அக்கா அதைத் தள்ளிவிட்டாள்.

“எரியுதுட்டி” என்றாள். “ஏ ஜெசி, எரியுது. நாக்கு முழுக்க எரியுது.”

“தண்ணியக் குடிக்கா!”

“குடிக்க மாட்டேன். இரு.”

கண்ணிலிருந்து நீர் வழிந்தது. துடைக்கவில்லை. முகம் சிவந்து, நெற்றி வேர்த்து, மூக்கு ஒழுகியது. சேலைத் தலைப்பை மூக்கில் வைத்து அழுத்திக்கொண்டு சிரித்தாள்.

“ரெண்டு வருசமா சும்மா கெடந்த மூக்கு, இன்னைக்கு ஒழுகுது பாரு.”

நான் கோட்டோடு அடுக்களைத் தரையில் உட்கார்ந்து அழுதேன். அங்கே அவள் அழுதாள். இது எதற்கு அழுகை என்று ரேச்சலுக்குப் புரிந்ததோ இல்லையோ, பெரியம்மாவின் முதுகைத் தடவிக்கொண்டு நின்றாள்.

அக்கா மூக்கைச் சிந்தி, முகத்தைத் துடைத்து, தட்டை அவள் பக்கம் நகர்த்தினாள்.

“இன்னொரு இட்லி வையிட்டி” என்றாள். “அந்தப் பொடியையும் இங்கன தள்ளு.”